ஐம்பதாவது வாரம்

காணியைப் பங்கு பிரிப்பது நமக்குப் பழகிய சங்கதி. நில அளவையாளர் வருவார், சங்கிலி பிடிப்பார், வேலி விழும். சில குடும்பங்களில் அதோடு பேச்சுவார்த்தையும் அறும். ஆனால் வருடத்தைப் பங்கு பிரிப்பதை நான் 2009 வரை கேள்விப்பட்டதில்லை. வீடு ஒன்று, உரிமைக்காரர் ஐம்பத்திரண்டு, ஆளுக்கு ஒரு வாரம். தன் வாரம் வந்தால் வீட்டுக்காரன், வாரம் முடிந்தால் வழிப்போக்கன். 1963இல் சுவிற்சர்லாந்தில் ஒரு நிறுவனம், பலர் கூடிப் பணம் போட்டு விடுமுறை வீடுகளை வாங்கி முறைவைத்துப் பாவிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. எழுபதுகளில் அது அமெரிக்காவில் பெரும் வியாபாரமானது. நம் நாட்டுச் சிங்களக் கிராமங்களுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. ஒரே வயலைக் கூட்டுரிமையாளர்கள் வருடத்துக்கு ஒருவராக முறைவைத்துச் செய்யும் வழக்கம் அங்கே உண்டு. அதற்குத் தட்டுமாறு என்று பெயர். தட்டுமாறு வயலில் வரம்பைத் திருத்த யாரும் முன்வருவதில்லை என்று படித்திருக்கிறேன். திருத்தியவன் ஒருவன், அறுப்பவன் இன்னொருவன் என்றாகிவிடும் என்பதுதான் காரணம்.

எங்கள் வீட்டுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. திருத்தவேண்டாம் என்று நாங்கள் நினைத்திருந்த வீட்டைத் திருத்திவிட்டார்கள்.

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் ஒரே விடுதி அறையில் கிடந்த நாங்கள் நால்வர். கணிதம், விஞ்ஞானம், சித்திரம், தமிழ் என்று நான்கு பாடம், நான்கு ஊர். யுத்தம் முடிந்த வருடம், ஆசிரியர் நலன்புரிச் சங்கமொன்று ஹப்புத்தளையில் ஒரு பழைய பங்களாவை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து, அதன் வாரங்களை உறுப்பினர்களுக்கு விற்றது. ஏப்ரல் வாரங்கள் யானை விலை. ஐம்பதாவது வாரம், அதாவது டிசம்பர் இரண்டாம் வாரம், மழையும் மூட்டமும் என்பதால் மலிவு. நால்வரும் காசு போட்டு அதை வாங்கினோம். நான்கு படுக்கை அறை, நான்கு குடும்பம், ஏழு நாள். கணக்குச் சரியாக வந்தது.

அக்கரைப்பற்று, பொத்துவில், லகுகல, சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய என்று வான் ஓடும். கொஸ்லந்தைக்குக் கிட்ட 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும நீர்வீழ்ச்சி கொட்டுவதைப் பார்த்தபின் பிள்ளைகள் ஜன்னலைச் சாத்தத் தொடங்குவார்கள். ஹப்புத்தளை ஏறத்தாழ 1400 மீற்றர் உயரம். கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் குளிரே ஒரு வெளிநாடு.

பங்களா தோட்டத்துரைமார் காலத்தது. கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய தடித்த சுவர். நிலத்திலிருந்து இரண்டடி உயர்த்திப் போட்ட பலகைத் தரை. நடக்கும்போது அது முனகும். யார் இரவில் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போகிறார்கள் என்று சத்தத்தை வைத்தே சொல்லலாம். தகரக் கூரைக்குச் சிவப்பு வர்ணம். கூடத்தில் பெரிய கணப்படுப்பு. முன்னால் நீளமான விறாந்தை. பின்னால், வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி, புகை படிந்த விறகடுப்புக் குசினி. நான்கு வீட்டுப் பெண்களும் அங்கேதான் ஏழு நாளும் இருந்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது. வீட்டில் சமைப்பதைவிட அங்கே அதிகம் சமைத்தார்கள். ஆனால் ஒருவரும் களைத்ததாகச் சொன்னதில்லை.

உம்மாவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் வீட்டைக் கொண்டுபோனது. உயிர்கள் தப்பின. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றர் தடை வலயம் என்று அரசாங்கம் அறிவித்தபோது, அந்த வளவுக்குத் திரும்பும் எண்ணமும் போனது. உள்ளே தள்ளி வேறிடத்தில் குடியேறினோம். அதன் பிறகு உம்மாவுக்குத் தூக்கம் இல்லை. இரவில் நாய் குரைத்தால், தூரத்தில் லொறி போனால், எழுந்து உட்கார்ந்துவிடுவார். டிசம்பர் வந்தால் இன்னும் மோசம். அப்படிப்பட்டவரை 2009 டிசம்பரில் ஹப்புத்தளைக்குக் கூட்டிப்போனோம். முதல் நாள் இரவு கணப்படுப்புக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தவர் கேட்டார்:

"இஞ்ச கடல் ஏறி வராதுதானே மகன்?"

"வராது உம்மா. இவ்வளவு உசரத்துக்கு எப்பிடி வாற?"

அன்றிரவு அவர் சுபஹு வரை தூங்கினார். ஐந்து வருடங்களில் நான் கண்ட முதல் முழுத் தூக்கம் அது. அந்த வாரத்தின் பெறுமதியை எங்கள் வீட்டில் ரூபாய்க் கணக்கில் யாரும் அளந்ததில்லை.

பங்களாவைப் பார்த்துக்கொண்டவர் மலையகத் தமிழர். தோட்டங்களில் பங்களாச் சமையற்காரரை அப்பு என்பார்கள். பழைய துரைமார் வைத்த அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. நாங்கள் அண்ணன் என்போம். என்னை அவர் மாஸ்டர் என்பார். 1988இலிருந்து அவர் அங்கே. குசினிக்குப் பின்னால் ஓர் அறையில் மனைவியோடு இருந்தார். எந்தக் கதவு மழைக்கு உப்பும், எந்தத் தகரம் எந்தக் காற்றுக்கு அடிக்கும், கணப்படுப்பில் எந்த மரத்தின் விறகு வெடிக்காமல் எரியும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வருடத்தில் ஒரு நாள் ஏணி வைத்து ஏறிப் புகைபோக்கியைத் துடைப்பார். எங்களுக்கு ஏழு நாள் உரிமை, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தன. அவர் அங்கே வருடம் முழுக்க இருந்தார். அவரிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் வீடு பூட்டிக் கிடந்தது. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடத்தில் யாரும் மலையேற நினைக்கவில்லை. 2023இல் சங்கத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பங்களா நவீனமயப்படுத்தப்படும். பங்கொன்றுக்கு 60,000 ரூபா மேலதிகக் கட்டணம். கட்டாதவர் வாரத்தைப் பாவிக்க முடியாது. எல்லா நாடுகளிலும் இந்த ஏற்பாட்டின் முள் இதுதான். வாரத்தை வாங்குகிறவன் நாட்களை வாங்குகிறான், கல்லை வாங்குவதில்லை. கல்லை என்ன செய்வதென்று தீர்மானிப்பது நிர்வாகம். அதற்கான சிட்டை மட்டும் வாரக்காரனுக்கு வரும். நால்வரும் ஆளுக்கு 15,000 கட்டினோம்.

2024 டிசம்பரில் போனோம்.

வாசலில் கால் வைத்ததும் உம்மா நின்றுவிட்டார். பலகைத் தரை இல்லை. கீழே கொங்கிரீட் கொட்டி, மேலே முகம் தெரியும் வெள்ளை டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். மர ஜன்னல்கள் போய் அலுமினியச் சட்டங்கள். கணப்படுப்பை அடைத்து அதன் மேல் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி. விறாந்தையைத் தடுத்து இரண்டு புதிய அறைகள். மற்ற வாரங்களில் சுற்றுலாக்காரருக்கு நாள் வாடகைக்கு விடவாம். பின் குசினிக்குப் பூட்டு. அதற்குப் பதிலாக உள்ளே ஓர் அலுமாரி அளவில் சமையல் மூலையும் மின்னடுப்பும். சுவரில் ஒரு அறிவித்தல்: கடுமையான வாசனையுள்ள சமையலைத் தவிர்க்கவும்.

"இதென்ன மகன், ஆஸ்பத்திரி வாட்டு மாதிரி இரிக்கி" என்றார் உம்மா. "காலெல்லாம் வெறைக்கிது."

அன்றிரவு அவர் தூங்கவில்லை. கட்டிலில் இருந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடிக்க எழும்பினேன். தரை முனகவில்லை. அதுவே ஏதோ ஒரு ஆளைக் காணவில்லை என்பது போலிருந்தது.

மறுநாள் விஞ்ஞான ஆசிரியர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு அறை அறையாகப் போனார். மூலைகளில் கறுப்புப் பூஞ்சணம். திருத்தி ஒரு வருடமும் ஆகவில்லை. அவர் விளக்கியது எனக்கு இன்றும் பாடம் போல நினைவிருக்கிறது. சுண்ணாம்புச் சாந்துச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்தால் வெளியே விடும். அதன்மேல் சீமெந்து பூசினால் உள்ளே போன ஈரம் திரும்பி வர வழியில்லாமல் தங்கும். உயர்ந்த பலகைத் தரையின் கீழே காற்று ஓடுவதற்காகப் பழைய மேசன் அடித்தளத்தில் துவாரங்கள் வைத்திருந்தான். கொங்கிரீட் அவற்றை விழுங்கிவிட்டது. புகைபோக்கி நெருப்பு இல்லாத நாளிலும் வீட்டின் கெட்ட காற்றை மேலே இழுக்கும். அதன் வாயை மூடிவிட்டார்கள். இறுகப் பூட்டும் அலுமினிய ஜன்னல் மிச்சத்தையும் அடைத்தது. "பழைய வீடு மூச்சு விட்டது மச்சான். இதுக்கு வாயையும் மூக்கையும் பொத்திப்போட்டாங்க" என்றார். எங்கள் வருத்தம் வெறும் பழமை மோகம் அல்ல, அதற்கு ஒரு காரண காரியம் இருக்கிறது என்பதே எங்களுக்கு ஓர் ஆறுதலாக இருந்தது.

ஆனால் எல்லோரும் ஒரே கருத்தில் இருக்கவில்லை. என் மகளுக்குப் பதினைந்து வயது. அவள் சொன்னாள்: "வாப்பா, சுடுதண்ணி வருது. குளியலறைக்குப் பின்பக்கம் இருட்டுக்குள்ள போகத் தேவையில்ல. அதையும் சொல்லுங்களன்." அவள் சொன்னது உண்மை. பழைய கழிப்பறை வெளியே இருந்தது. மழை இரவில் பெண்பிள்ளைகள் துணையில்லாமல் போகமாட்டார்கள். என் மனைவியும் அதை ஆமோதித்தாள். நாங்கள் ஆண்கள் விறாந்தையில் இருந்து தேநீர் குடித்த அழகிய நினைவுகளில் அந்தக் கழிப்பறை இடம்பெறவில்லை. பெண்களின் நினைவுகளில் இருந்தது. ஆகவே எல்லாம் கெட்டது என்ற பேச்சை அத்தோடு விட்டோம். எது நன்மை, எது கெடுதி, கெட்டதில் எது திருத்தக்கூடியது என்று ஒரு கொப்பியில் மூன்று நிரல் போட்டு எழுதினோம். எழுதியது மகள்தான்.

மூன்றாம் நாள் பிள்ளைகளை அடிஷம் பங்களாவுக்குக் கூட்டிப்போனோம். சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1931இல் கட்டிய மாளிகை அது. இப்போது கத்தோலிக்கத் துறவிகளின் மடம். வீட்டின் வரவேற்பறையையும் நூலகத்தையும் பழைய தளபாடங்களோடு அப்படியே வைத்திருக்கிறார்கள். துறவிகள் அதற்குள்தான் வாழ்கிறார்கள். பழத்தோட்டம் செய்கிறார்கள், ஜாம் விற்கிறார்கள். ஒரு வீட்டை அருங்காட்சியகமாக்காமல், அதே நேரத்தில் அழிக்காமல், அதில் குடியிருக்கலாம் என்பதற்கு நான்கு கிலோமீற்றருக்குள் ஓர் உதாரணம் இருந்தது. சித்திர ஆசிரியர் அங்கே ஒரு வார்த்தையும் பேசாமல் நடந்தார். திரும்பும் வழியில், "காசு இல்லாததால கெடல்ல. கேட்காததால கெட்டது" என்று மட்டும் சொன்னார்.

அப்பு அண்ணனைக் காணவில்லை என்பதை நான் இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்தேன். முதல் நாளே கேட்டோம். சீருடை போட்ட இளைஞர் ஒருவர் வரவேற்பு மேசையில் இருந்தார். "அவர் விலகிட்டார் சேர். இப்ப கொம்பனியொண்டுதான் பராமரிக்குது" என்றார். ஐந்தாம் நாள் தேயிலைத் தோட்டமொன்றில் மூத்த மகளின் லயத்தில் அவரைக் கண்டுபிடித்தோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிரா. மகள், மருமகன், மூன்று பேரப்பிள்ளைகள், இவர், இவர் மனைவி. உம்மாவைக் கண்டதும், "அம்மா, வாங்க" என்று இருந்த ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டார்.

அவர் விலகவில்லை. வேலை தொடங்க முன் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். முடிந்தபின் கூப்பிடவில்லை. அவ்வளவுதான். முறைப்பாடாகக்கூட அவர் சொல்லவில்லை. "பலகையைக் கழற்றும்போது நின்னு பாத்தேன் மாஸ்டர். எல்லாம் உறுதியா இருந்திச்சு. ஒண்ணும் உளுத்துப் போகல" என்றார். வேலை போனதைவிட அதுதான் அவருக்கு ஆறவில்லை.

1948இன் குடியுரிமைச் சட்டம் இவருடைய பெற்றோரை நாடற்றவர்களாக்கியது. 2003இன் சட்டம் வந்த பிறகுதான் இவர் கையில் அடையாள அட்டை வந்தது. 2023இல் மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டு என்று நினைவுகூர்ந்தார்கள். அதே வருடம்தான் முப்பத்தைந்து வருடம் இருந்த அறையிலிருந்து இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். வேலையோடு வீடும் போகும் என்பது லயத்துக்கு மட்டும் உரிய விதி அல்ல. நம்முடைய ஆசிரியர் சங்கத்துப் பங்களாவுக்குப் பின்னாலும் அந்த விதி இருந்தது. ஏழு நாளை இழந்தவர்கள் நாங்கள் நால்வர். எங்களுடைய கொப்பியின் மூன்று நிரலுக்குள்ளும் அடங்காத ஓர் இழப்பு அந்தக் காம்பிராவில் இருந்தது.

ஊர் திரும்பியபின் பங்கை விற்றுவிடுவோம் என்றார் கணித ஆசிரியர். அவருடைய கணக்கு நியாயமானது. ஆண்டுக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீடும் பழைய வீடல்ல. அதே கட்டணத்துக்கு வருடம் ஒரு புதிய ஊர் பார்க்கலாம். நானும் இரண்டு நாள் அந்தப் பக்கம் சாய்ந்தேன். ஆனால் விற்றால் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமையும் அதோடு போய்விடும். அந்த ஒரு காரணத்துக்காகவே வைத்திருக்கத் தீர்மானித்தோம்.

கடிதத்தை நான் எழுதினேன். கோபம் காட்டாமல் எழுதுவது ஆசிரியத் தொழிலில் பழகிய கலை. மூன்று கோரிக்கை வைத்தோம். புகைபோக்கியைத் திறந்து, ஈரம் தங்கும் சுவர்களில் சீமெந்துப் பூச்சை அகற்றிச் சுண்ணாம்பு பூசவேண்டும். பின் குசினியின் பூட்டைத் திறக்கவேண்டும். அப்பு அண்ணனின் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி தொழில் தருபவர் நூற்றுக்கு 12உம் ஊழியர் நூற்றுக்கு 8உம் கட்டவேண்டும். ஒரே ஓர் ஊழியர் இருந்தாலும் இது பொருந்தும். அவருக்கு எந்த வருடத்திலிருந்து கட்டப்பட்டது என்று எழுத்தில் கேட்டோம்.

2025 மார்ச்சில் பொதுக்கூட்டம். நோன்பு காலம் என்பதால் எங்கள் பக்கத்து உறுப்பினர் பலர் வரவில்லை. வரமுடியாதவர்களிடம் பதிலாள் கடிதம் வாங்கிப் போயிருந்தோம். பூஞ்சணத்தின் படங்களைச் சித்திர ஆசிரியர் பெரிதாக்கி அட்டையில் ஒட்டிக் கொண்டுவந்தார். நிர்வாகத்தார் முதலில், "காலத்துக்கேற்ப மாறத்தானே வேண்டும்" என்றார்கள். மாறவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, சுடுதண்ணீருக்கும் கழிப்பறைக்கும் நன்றி, ஈரத்துக்கு என்ன பதில் என்று கேட்டோம். அதற்குப் பதில் இல்லை. சேமலாப நிதி பற்றிய கேள்வி வந்தபோது சபை அமைதியானது. சங்கம் பங்களாவைப் பொறுப்பேற்று மூன்று வருடம் கழித்து, 2012இலிருந்துதான் கட்டியிருக்கிறார்கள். விடுபட்ட மூன்று வருடத்தைக் கட்டுவதாக ஒத்துக்கொண்டு குறிப்பேட்டில் பதிந்தார்கள். சங்கத்துக்கு முந்திய காலத்துக்கு யாரிடம் போய்க் கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

புகைபோக்கி திறந்தது. குசினிப் பூட்டும் திறந்தது. சுண்ணாம்புப் பூச்சுக்குக் காசில்லை என்றார்கள். பலகைத் தரையைப் பற்றி நாங்கள் கேட்கவேயில்லை. போனது போனதுதான். வேலையாளாக அல்ல, ஆலோசகராக என்று சொல்லி, மாதத்தில் நான்கு நாள் அப்பு அண்ணனை அழைக்கிறார்கள். நாட்சம்பளம். அறை திரும்பக் கிடைக்கவில்லை.

ஆகஸ்டில் இன்னொரு குடும்பத்தோடு வாரத்தை மாற்றிக்கொண்டு போனோம். உம்மாவுக்குத் தடித்த கம்பளமும் இரண்டு சோடி காலுறையும் கொண்டுபோனோம். மூலையில் பூஞ்சணம் குறைந்திருந்தது. பெண்கள் மறுபடி பின் குசினியில். ஏழு நாளில் ஒரு நாளை அப்பு அண்ணனின் லயத்துக்கென்று ஒதுக்கினோம். உம்மா முதலிரவு பாதி தூங்கினார், மூன்றாமிரவு முழுதாக.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. பதுளை, நுவரெலியா, கண்டி என்று மலையகம் முழுக்க மண் சரிந்தது. வீதிகள் அறுந்தன. ரயில் பாதை குலைந்தது. ஐம்பதாவது வாரத்துக்குப் போவதென்ற பேச்சே இல்லை. இரண்டு நாள் தொலைபேசி எடுபடவில்லை. மூன்றாம் நாள் அப்பு அண்ணனின் குரல் கேட்டது. லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு, எல்லோரையும் எழுப்பிவிட்டார்கள் என்றார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பங்களாவிலதான் மாஸ்டர். மூணு குடும்பம். விறாந்தையில அந்த ரெண்டு ரூம் இருக்கில்ல, அதுல."

நாங்கள் நால்வரும் முகம் சுளித்த அறைகள் அவை. எனக்கு அவை இன்றும் அழகாகத் தெரியவில்லை. எங்கள் வாரத்தை அவர்களுக்கு விட்டுவிட்டதாகச் சங்கத்துக்கு அன்றே எழுதினோம். அடுத்த வாரக்காரரும் அப்படியே எழுதினார்.

உம்மா தொலைபேசியை வாங்கி, தரை குளிரா என்று அவரிடம் கேட்டார். குளிர்தான் என்றார். அலுமாரிக்குள் அந்தக் கம்பளம் சுருட்டி வைத்திருக்கிறது, எடுத்துப் பிள்ளைகளுக்கு விரிக்கச் சொன்னார்.